பழி ஸ்பிரிங் மேல், குற்றம் அச்சாணியில்: ஒரு ராட்ஜர்ஸ் பேனாக்கத்தியின் பழுதுநீக்கம்

பழைய பேனாக்கத்தியின் அலகு தொளதொளவென்று ஆடினால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். ஒன்று, "ஸ்பிரிங் போய்விட்டது." மற்றொன்று, "ஆணியை இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்." இங்கே நான் எழுதப்போகும் கத்திக்கு இரண்டு தீர்ப்பும் வழங்கப்பட்டிருந்தன. இரண்டாவதை ஒரு பட்டறையில் செய்தும் பார்த்திருந்தார்கள். என்னிடம் வந்தபோது அதன் பூணில், அதாவது பிடியின் முனையிலுள்ள உலோகக் காப்பில், சுத்தியல் தடங்கள் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. ஆட்டம் முன்பைவிடக் கூடியிருந்தது.

கத்திக்கு உரியவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். நர்சரியில் பதியன் வெட்டுவதற்கு இதைத்தான் பயன்படுத்தினார். தேயிலைப் பதியனுக்கு ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள சிறு துண்டு போதும். ஆனால் வெட்டு நசுங்காமல் ஒரே இழுப்பில் விழவேண்டும். பெரிய அலகு அந்த வேலைக்கு. சின்ன அலகு பென்சில் சீவவும் கடிதம் பிரிக்கவும். "பார்வைக்கு ஒன்றும் மாறக் கூடாது தம்பி, திறந்தால் பழையபடி டக்கென்று நிற்கவேண்டும், அவ்வளவுதான்" என்றார். "எலும்புப் பிடியைத் தொடாமல் முடியுமா என்று பார்க்கிறேன் ஐயா" என்று வாங்கி வைத்தேன்.

கத்தி

மூடிய நிலையில் நீளம் 89 மி.மீ. முனைக்கு ஒன்றாக இரண்டு அலகுகள். பிடி சாயமேற்றிய எலும்பு. ஒரு பக்கத்தில் ஆணித் துளையிலிருந்து மயிரிழைக் கீறல் ஒன்று ஓடியிருந்தது. உள்ளே பித்தளைத் தகடுகள், இரு முனையிலும் ஜெர்மன் சில்வர் (வெள்ளி அல்ல; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) பூண். பெரிய அலகின் அடியில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும், ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் பெயரும், "மேன்மைமிகு மன்னரின் கத்தி செய்வோர்" என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் பதிந்திருந்தன. நட்சத்திரமும் சிலுவையும் சேர்ந்த அந்த முத்திரை, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தித் தொழிலாளர் சங்கத்தின் பதிவேட்டில் 1682-இல் ஏறியது. வாசகம் காலத்தைக் கணிக்க உதவும். விக்டோரியா காலத்தில் அது அரசியைக் குறித்தது. 1901 முதல் 1952 வரை அரியணையில் இருந்தவர்கள் ஆண்கள். ஆகவே கத்தி அந்த இடைவெளியைச் சேர்ந்தது. புகழ்பெற்ற முத்திரை என்பதால் உலகச் சந்தையில் போலிகளும் திரிந்தன. இதில் அலகுக்கும் தகட்டுக்கும் இருந்த பொருத்தத்தையும், முதுகில் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த சீரையும் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் எழவில்லை.

அலகு சாதாரணக் கார்பன் எஃகு. தேயிலைச் சாற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பெரிய அலகு முழுவதும் அந்தக் கறுப்பு. அதை நான் பழுதாகக் கருதுவதில்லை. பளபளப்பாக்குகிறேன் என்று மெருகுச் சக்கரத்தில் கொடுப்பவர்கள் முத்திரையின் விளிம்பைத்தான் முதலில் இழக்கிறார்கள்.

முதலில் அழுக்கு

எந்தப் பழைய மடக்குக் கத்தியையும் கழுவாமல் சோதிக்கக் கூடாது. பெரிய அலகின் வாயைத் துணி நாடாவால் சுற்றினேன். பழுதுபார்க்கும்போது கை வெட்டுப்படுவது பெரும்பாலும் இதைச் செய்யாமல் விடுவதால்தான். பிறகு இரண்டு மூட்டுகளிலும் மண்ணெண்ணெய் விட்டு, ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் தேய்த்தேன். கறுப்பும் செம்பழுப்பும் கலந்த குழம்பு வந்துகொண்டே இருந்தது. மலையின் ஈரத்தில் உண்டான துருத்தூள் அது. தேய்மானத்தின் மூலகாரணம் இந்தத் தூள்தான். இரும்பின் துருவை மெருகுப் பொடியாகவே விற்கிறார்கள். மூட்டுக்குள் அது தங்கிவிட்டால் ஒவ்வொரு திறப்பும் ஓர் அரைப்பாகிவிடும்.

சுத்தம் செய்து, காய்ந்த பின் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டதும் சின்ன அலகு உயிர் பெற்றது. பாதியில் நின்று தயங்கியது இப்போது ஓசையோடு மூடியது. பெரிய அலகு மாறவே இல்லை. திறந்தால் நிற்கும், நுனியை விரலால் தொட்டால் பக்கவாட்டில் ஏறக்குறைய 2 மி.மீ. போய் வந்தது. மேலும் கீழுமாகவும் ஆட்டம் இருந்தது. நகக்குழியில் நூலை மாட்டி, பெட்டி நிறுக்கும் சிறு தொங்கு தராசால் இழுத்துப் பார்த்தேன். சின்ன அலகு திறக்க 1.3 கிலோ கேட்டது. பெரியது வெறும் 0.5 கிலோவில் எழுந்து வந்தது.

இந்த இரண்டு எண்கள்தான் வழக்கின் முதல் துப்பு.

ஸ்பிரிங்கை விடுதலை செய்தது எது

இரு முனையிலும் அலகு உள்ள இத்தகைய கத்தியில் முதுகு நெடுக ஒரே ஸ்பிரிங்தான். அதை நடுவில் ஒரே ஓர் ஆணி பிடித்திருக்கிறது. இரண்டு முனைகளும் இரண்டு அலகுகளின் அடிக்கட்டைகள் (அலகின் பிடிக்குள் இருக்கும் தடித்த அடிப்பகுதிகள்) மேல் அழுந்திக்கொண்டிருக்கும். கோக்கும்போதே ஸ்பிரிங்கைச் சற்று வளைத்துத்தான் கோப்பார்கள். அந்த வளைவு திமிறுவதுதான் நாம் விரலில் உணரும் விசை. நடு ஆணியைச் சுற்றி ஸ்பிரிங் அசையக்கூடியது என்பதால், பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசாப் பலகை போல இரண்டு முனைகளும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்கின்றன. நடு ஆணி இரு முனைக்கும் ஏறக்குறைய நடுவில் இருந்தால், இரு அலகின் மேலும் விழும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும்.

அதாவது, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இரண்டு அலகும் சேர்ந்தே தளர்ந்திருக்கும். ஒன்று 1.3 கிலோவும் மற்றது 0.5 கிலோவும் காட்ட ஸ்பிரிங் காரணமாக இருக்க முடியாது. குற்றவாளி பெரிய அலகின் மூட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி வளைக்கவோ புதிதாகச் செய்யவோ கிளம்பியிருந்தால் எலும்புப் பிடியைப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த மயிரிழைக் கீறல் விரிசலாகியிருக்கும். இந்தச் சிறு கணக்கு போட்டதால் தப்பியது அந்தப் பிடி. (ஒரே முனையில் அலகு உள்ள கத்திகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஸ்பிரிங் நடுவிலும் பின்முனையிலும் இரண்டு ஆணிகளில் இறுகி நிற்கும்.)

அடுத்து முதுகைப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள கத்தியில், மூடியிருந்தாலும் முழுக்கத் திறந்திருந்தாலும் ஸ்பிரிங்கின் முதுகு பித்தளைத் தகடுகளின் விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் எழும்பித் தணியும். இதில் சின்ன அலகுப் பக்கம் மட்டமாக இருந்தது. பெரிய அலகுப் பக்கம் எஃகு அளவுகோலைப் படுக்கவைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கீழே ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தது. இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் 0.4 மி.மீ. என்றது. ஸ்பிரிங்கின் முனை உள்ளே இறங்கியிருக்கிறது. அதைத் தாங்கவேண்டிய அடிக்கட்டை தாழ்ந்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாக எண்ணெய்ச் சோதனை. பூணும் அலகும் சேரும் இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே அலகை மெதுவாக ஆட்டினேன். அலகுக்கும் தகட்டுக்கும் இடையில் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுவதும் வெளியே கசிவதும் துல்லியமாகத் தெரிந்தது. பூணின் மேல் அச்சாணியின் தலையைச் சுற்றி எண்ணெய் அசையவே இல்லை. ஆணி பூணில் உறுதியாக இருக்கிறது. அலகுதான் ஆணி மேல் ஆடுகிறது. ஆணித் தலையைத் தட்டிய பட்டறைக்காரர், ஆடாத இடத்தை இறுக்கியிருக்கிறார். அடியில் பூண் நசுங்கி, உள்தகடு சற்று உப்பி, அலகைக் கவ்வியிருக்கிறது. சில வாரங்களுக்கு அந்தக் கவ்வல் ஆட்டத்தை மறைத்திருக்கும். உப்பல் தேய்ந்ததும் ஆட்டம் கூடுதலாகத் திரும்பியது.

திறப்பு

பூணில் உள்ள ஆணியின் தலையைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. ஆணியும் பூணும் ஒரே உலோகம். தட்டி அகலித்து, அரத்தால் மட்டமாக்கியபின் எல்லை கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஒளி விழச்செய்து லென்ஸில் பார்த்தால் அரைவட்டமாவது தெரியும். மையத்தைக் குறித்து, ஆணியின் விட்டத்தைவிடச் சிறிய துரப்பணத்தால் தலைப்பகுதியை மட்டும் குடைந்தேன். பிறகு துளையுள்ள எஃகுக் கட்டையில் பூணை முழுவதும் படியவைத்து பஞ்ச் எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பியால் ஆணியைத் தள்ளினேன். பூண் படியாமல் அந்தரத்தில் நின்றால் அடியின் அதிர்ச்சி எலும்புக்குப் போகும். கீறல் உள்ள பிடியில் அது போதும்.

அச்சாணி வெளியே வந்ததும் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. 2.4 மி.மீ. தடித்த ஆணி, அலகு சுழலும் நடுப்பகுதியில், ஸ்பிரிங்கைப் பார்த்த பக்கம் மட்டும் 0.2 மி.மீ. தேய்ந்து படிக்கட்டு போட்டிருந்தது. ஸ்பிரிங் அலகை எப்போதும் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் தள்ளுவதால் தேய்மானம் அந்த ஒரு பக்கத்தில்தான் விழும். அலகின் துளையும் வட்டமாக இல்லை. ஒரு திசையில் 2.45, குறுக்குத் திசையில் 2.75. அலகு மூடியிருக்கும்போது ஒரு சுவரும் திறந்திருக்கும்போது எதிர்ச் சுவரும் ஆணியில் அழுந்துவதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக, பக்கத்துக்கு 0.15 அளவில் தேய்ந்திருந்தது. ஆணியில் 0.2, துளையில் 0.15: மொத்தம் 0.35. முதுகில் நான் அளந்தது 0.4. மிச்சம் அடிக்கட்டையின் முகத்திலும் ஸ்பிரிங் முனையிலும் தேய்ந்தது. கணக்கு பொருந்தியது.

அடிக்கட்டையின் மூலைகளும் மழுங்கியிருந்தன. கத்தி டக்கென்று நிற்பது மூலையால்தான்: திறக்கும்போது மூலை ஸ்பிரிங்கை மேலே தூக்குகிறது, மூலையைத் தாண்டியதும் ஸ்பிரிங் தட்டையான முகத்தின் மேல் விழுகிறது. மூலை உருண்டுவிட்டால் தூக்கும் உயரம் குறைகிறது, விழுவதற்கும் இடமில்லை. 0.5 கிலோவுக்குக் காரணம் இதுவும் தாழ்ந்த மையமும் சேர்ந்து.

புஷ்

புதிய ஆணி மட்டும் போட்டால் நீள்வட்டத் துளையில் அது ஆடத்தான் செய்யும். தடித்த ஆணி போடலாம் என்பார்கள். அதற்குப் பூண்களிலும் தகடுகளிலும் உள்ள நல்ல துளைகளைப் பெரிதாக்க வேண்டும், அசல் பாகங்கள் நான்கு கெடும். அலகின் துளைக்குள் ஒரு புஷ் (சிறு உலோகக் குழல்) செருகுவதையே தேர்ந்தேன்.

அடிக்கட்டை எவ்வளவு கடினம் என்று முதலில் அரத்தால் தொட்டுப் பார்த்தேன், அரம் கடித்தது. வெட்டும் பகுதிக்குத் தோய்ச்சல் போட்டு, அடியை மென்மையாக விட்டிருக்கிறார்கள். அதனால் சூடுகாட்டாமல் வேலை செய்ய முடிந்தது. சூடுகாட்டுவது இங்கே கூடவே கூடாது. அலகின் பதம் 200 டிகிரிக்கு மேல் போனாலே இறங்கத் தொடங்கும். பற்றவைத்து மூலையைத் தூக்கலாம் என்ற யோசனை இத்தகைய கத்திக்குக் கொலைதான்.

தேய்மானம் இருபுறமும் சமம் என்பதால் நீள்வட்டத்தின் மையமே பழைய மையம். அந்த மையத்தில் அலகை இறுக்கிப் பிடித்து, துளையை 3.6 மி.மீ. வட்டமாக்கி, துளையைச் சீராக்கும் கருவியான ரீமரால் கையாலேயே முடித்தேன். பாஸ்பர் வெண்கலத்தில் புஷ் கடைந்து இறுக்கமாகச் செருகினேன். இந்த வேலையின் நுட்பம் புஷ்ஷின் நீளத்தில் இருக்கிறது. அடிக்கட்டையின் தடிமனைவிட அது 0.02 மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கவேண்டும். அப்படி இருந்தால் ஆணியை எவ்வளவு இறுக்கித் தட்டினாலும் தகடுகள் புஷ்ஷின் மேல்தான் அழுந்தும். அலகு நடுவில் தங்கு தடையின்றிச் சுழலும். பக்கவாட்டு ஆட்டமும் வெறும் 0.02-க்குள் அடங்கிவிடும். புஷ் குட்டையாகிவிட்டால் இந்தப் பயன் முழுவதும் போய்விடும். எனவே நீளமாகவே கடைந்து, கண்ணாடி மேல் ஒட்டிய 800-ஆம் எண் எமரித்தாளில் தேய்த்துத் தேய்த்து, மைக்ரோமீட்டரில் பார்த்துப் பார்த்து இறக்கினேன். பிற வேலைகள் எல்லாம் சேர்ந்து எடுத்த நேரத்துக்குச் சமமான நேரம் இதற்கே போனது, அது வீணல்ல.

மூலைகளைக் கூர்மையாக்க இருபுறமும் உள்ள முகங்களைக் கல்லில் 0.05 மி.மீ. அளவுக்கே தேய்த்தேன். அதற்கு மேல் எடுத்தால் அடிக்கட்டை மீண்டும் தாழும். உப்பியிருந்த உள்தகடுகளை மெல்லிய கல்லால் மட்டமாக்கினேன். ஸ்பிரிங் முனையில் மூலை உராய்ந்து விழுந்திருந்த சிறு பள்ளத்தின் விளிம்பை மட்டும் நீவிவிட்டேன்.

ஸ்பிரிங் உண்மையிலேயே செத்துப்போன கத்திகளும் உண்டு. நடு ஆணித் துளையில் வெடிப்பு, அல்லது அலகைப் பாதி திறந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் விட்டதால் ஏற்பட்ட நிரந்தரத் தளர்ச்சி. அப்போது புதிதாகச் செய்வதுதான் வழி. கோவை, சென்னைக் கடைகளில் கிடைக்கும் இ.என். 42 ஜே என்ற ஸ்பிரிங் எஃகுத் தகடு இதற்கு ஏற்றது. வடிவத்தை மெத்தென்ற நிலையிலேயே முடித்துக்கொண்டு, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே, சுமார் 800 டிகிரிக்குக் கொண்டுபோய் எண்ணெயில் தோய்க்கவேண்டும். பிறகு நீலம் பாய 300 டிகிரி அளவில் பதம் இறக்கவேண்டும். அடுப்பு இல்லாத காலத்தில் ஸ்பிரிங்கை எண்ணெயில் முக்கிக் கொளுத்தி, எண்ணெய் எரிந்து அடங்குவதையே அளவாக வைத்துக்கொண்டார்கள். ஷெஃபீல்டின் ஸ்டான் ஷா, 1941-இல் பதினான்கு வயதில் இபர்சன் என்ற கத்தி நிறுவனத்தில் சேர்ந்து, 2021-இல் இறக்கும்வரை இந்தத் தொழிலின் பெயராகவே விளங்கியவர். பல அலகுகள் கொண்ட அவருடைய கத்திகளில் ஒவ்வொன்றும் ஒரே ஓசையில் மூடும் என்பதற்காகவே வாங்குவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஓசை ஸ்பிரிங்கால் மட்டும் வருவதல்ல. மூலையும் முகமும் மையமும் கூடிவந்தால்தான் வரும்.

கோப்பு

அலகைச் செருகி, ஸ்பிரிங்கின் எதிர்ப்பை வைஸில் மெல்ல அழுத்தி வென்று, நுனி கூம்பிய தற்காலிக ஆணியால் துளைகளை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த நிலையிலேயே ஒரு சோதனை அவசியம். மையம் உயர்ந்தால் மூடிய அலகு படியும் விதமும் மாறும். வாய் ஸ்பிரிங்கில் இடிக்கலாம், நுனி வெளியே தலைகாட்டலாம். அலகின் அடியிலுள்ள சிறு முட்டுதான் வாயை ஸ்பிரிங்கிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. ஸ்பிரிங்கின் உள்முகத்தில் விளக்குக் கரியைப் பூசி, அலகை ஓசையோடு மூடித் திறந்தேன். முட்டு பட்ட இடத்தில் மட்டும் கரி கலைந்திருந்தது. வாயில் ஒரு புள்ளியும் ஒட்டவில்லை. நுனியும் உள்ளேயே இருந்தது.

புதிய ஆணியை ஜெர்மன் சில்வர் கம்பியிலேயே வெட்டினேன். எஃகு ஆணி உழைக்கும் என்பது உண்மை. ஆனால் பூணின் மேல் கரும்புள்ளியாகத் தெரியும், ஈரமான ஊரில் துருவும் பிடிக்கும். இருபுறமும் 0.8 மி.மீ. நீட்டிவிட்டு, துளையின் வாயைச் சற்றே அகலித்து, 100 கிராம் உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஓங்கி அடிப்பதற்கு இங்கே வேலையே இல்லை. சில தட்டுக்கு ஒருமுறை அலகைத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். பக்க ஆட்டம் மறைந்து, சுழற்சி கனக்காத இடத்தில் நிறுத்தி, அரத்தால் மட்டமாக்கி, 400, 800 எமரித்தாள்களோடு விட்டேன். கண்ணாடிப் பளபளப்பு பக்கத்துப் பூணோடு ஒட்டாது.

முடிவு

பெரிய அலகு இப்போது 1.2 கிலோ கேட்கிறது. நுனியில் பக்க ஆட்டம் விரலுக்குத் தெரியவில்லை. மேல்-கீழ் ஆட்டம் இல்லை. முதுகில் ஒளிக்கீற்று 0.4-இலிருந்து 0.1-க்கு வந்துவிட்டது, கட்டைவிரலால் தடவினால் இன்னும் அந்தப் படி தெரியும். அதையும் போக்க வேண்டுமானால் ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும், எலும்பைப் பிரித்தாக வேண்டும். 0.1 மி.மீ.க்கு அந்த விலை கொடுக்க நான் தயாராக இல்லை.

எனக்கு நிறைவு தந்தது வேறோர் எண். கழுவி எண்ணெய் விட்டதைத் தவிர நான் தொடவே தொடாத சின்ன அலகு 1.3-இலிருந்து 1.5 கிலோவுக்கு ஏறியிருந்தது. மறுமுனையில் அடிக்கட்டை உயர்ந்ததும் ஸ்பிரிங் முழுவதும் கூடுதலாக வளைந்தது. அந்த அழுத்தத்தில் பாதி இந்த முனைக்கும் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் ஒரு போதும் தளரவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைக்காது.

பூணில் முன்பு விழுந்த சுத்தியல் பள்ளங்களை அப்படியே விட்டுவிட்டேன். அவற்றை அரத்தால் தேய்த்து மறைக்க, பூணின் தடிமனில் கணிசமான பங்கை எடுக்கவேண்டும். ஆணித் தலை பிடித்திருப்பது அந்தத் தடிமனில்தான். பெரியவரிடம் கொடுக்கும்போது இதைச் சொன்னேன். பதியன் வெட்டி முடித்ததும் சாற்றைத் துடைத்து, மாதம் ஒருமுறை இரண்டு மூட்டிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடச் சொன்னேன்; எண்ணெய் எலும்புக் கீறலில் இறங்காமல், ஊசி முனையால் மூட்டுக்குள் மட்டும். அலகைத் திருகிப் பிளக்கும் வேலைக்கு இது வேண்டாம் ஐயா என்றதற்கு, "அதற்குத்தான் அரிவாள் இருக்கிறதே தம்பி" என்றார்.